பழைய காருக்கு முழு இன்ஷூரன்ஸ் தேவையா? எக்ஸெல்லில் கணக்குப் போடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எக்ஸெல்லை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வெறும் கட்டங்கள் மட்டும் தெரியும். அதில் என்ன எழுதுவது, எதற்காக எழுதுவது என்று புரியாது. மாத பட்ஜெட், மார்க் ஷீட் என்று பயிற்சிப் புத்தகங்களில் வரும் உதாரணங்களும் நமக்கு அவ்வளவாக உதவுவதில்லை. எனவே இந்த மாதம், வீட்டில் உண்மையாகவே பணம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கான விடையை எக்ஸெல்லில் தேடுவோம்.

கேள்வி இதுதான். உங்கள் காருக்குப் பத்து வயது ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘பழைய வண்டிக்கு எதற்கு முழு இன்ஷூரன்ஸ்? தேர்டு பார்ட்டி மட்டும் போதும்’ என்கிறார் ஒருவர். ‘ஐயோ, அதை விட்டுவிடாதே’ என்கிறார் இன்னொருவர். எங்கள் அலுவலகப் பார்க்கிங்கில் இந்த வாக்குவாதத்தை அடிக்கடி கேட்கலாம். இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் போடுவோம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இண்டர்நெட்டில் இயங்கும் கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றிலும் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம்.

முதலில் பாலிசியைப் படியுங்கள்

கார் பாலிசியில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது தேர்டு பார்ட்டி. உங்கள் கார் மோதி வேறொருவருக்கு உயிரிழப்போ காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் அதற்கான இழப்பீட்டை இது தரும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தை விடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். எனவே காருக்கு எத்தனை வயதானாலும் இந்தப் பகுதியை நிறுத்துவது பற்றிப் பேச்சே இல்லை. இதன் பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை, அரசுதான் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பில் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு 3,416 ரூபாய் என்று இருந்தது. இப்போது எவ்வளவு என்பது உங்கள் நோட்டீசிலேயே இருக்கும்.

இரண்டாவது, காரை ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு. இது 15 லட்சம் ரூபாய்க்கானது. வேறு பாலிசியில் இதே அளவு காப்பீடு உங்களுக்கு இல்லையென்றால் இதையும் விடக்கூடாது.

மூன்றாவதுதான் நம் கேள்விக்கு உரியது: ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காருக்கு ஏற்படும் சேதம். மோதல், திருட்டு, தீ, வெள்ளம், புயலில் மரம் விழுவது எல்லாம் இதில் அடங்கும். இது கட்டாயம் இல்லை. ஆனால் கார் மீது பேங்க் கடன் இன்னும் இருந்தால், கடன் முடியும் வரை இதை வைத்திருக்கச் சொல்வார்கள். அப்படியானால் உங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

உங்கள் பாலிசியின் பிடிஎஃப் ஃபைலைத் திறந்து பிரீமியம் பட்டியலைப் பாருங்கள். ஓன் டேமேஜ் ஒரு பக்கமும் லயபிலிட்டி, அதாவது தேர்டு பார்ட்டி, இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். நமக்கு அதிலிருந்து மூன்று எண்கள் வேண்டும். ஒன்று ஐடிவி. கார் திருடு போனாலோ முழுவதும் நாசமானாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை இதுதான். இரண்டு, நோ க்ளெய்ம் போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம். மூன்று, அந்தப் போனஸ் எத்தனை சதவீதம் என்பது. நோ க்ளெய்ம் போனஸை இனிமேல் என்சிபி என்றே சொல்வோம்.

பாடத்துக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வயது பத்தைத் தாண்டிவிட்டது. 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார். ஐடிவி 1,80,000 ரூபாய். என்சிபிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 ரூபாய். பல ஆண்டுகளாக க்ளெய்ம் செய்யாததால் என்சிபி 50 சதவீதம். இவை உதாரண எண்கள்தான். ஷீட் தயாரான பிறகு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட்டைத் தயாரிப்போம்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஷீட் ஒன்றை எடுங்கள். மேலே ஏ, பி, சி என்று இருப்பவை காலம். இடப்பக்கம் 1, 2, 3 என்று இருப்பவை ரோ. பி காலமும் இரண்டாவது ரோவும் சந்திக்கும் கட்டத்தின் பெயர் பி2. ஒவ்வொரு கட்டத்துக்கும் செல் என்று பெயர். இந்தப் பாடத்தில் செல் பெயர்களைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளாக டைப் செய்யவும்.

ஏ காலத்தில் விவரத்தையும் பி காலத்தில் எண்ணையும் இப்படி டைப் செய்யவும்:

ஏ2: ஐடிவி. பி2: 180000
ஏ3: என்சிபிக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம். பி3: 6000
ஏ4: என்சிபி. பி4: 50%
ஏ5: ஜிஎஸ்டி. பி5: 18%
ஏ6: இந்த ஆண்டுச் செலவு. பி6: =பி3*(1-பி4)*(1+பி5)
ஏ7: கட்டாயப் பிடித்தம். பி7: 1000

எண்களுக்கு நடுவே கமா போட வேண்டாம். ‘ரூ.’ என்றும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பி6 செல்லில் டைப் செய்ததுதான் பார்முலா. சமக் குறியில் தொடங்கினால்தான் அது பார்முலா என்று எக்ஸெல்லுக்குப் புரியும். என்டர் தட்டியதும் பி6-ல் 3540 என்று வரும். எண்ணுக்குப் பதிலாக ##### என்று வந்தால் பயப்பட வேண்டாம், காலத்தின் அகலம் போதவில்லை என்று அர்த்தம். காலத்தின் தலைப்பு ஓரத்தில் மவுஸை வைத்து டபுள் க்ளிக் செய்தால் சரியாகிவிடும்.

பார்முலாவில் 6000 என்று எழுதாமல் பி3 என்று எழுதியதைக் கவனியுங்கள். கால்குலேட்டருக்கும் எக்ஸெல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நாளைக்கு பி3-ல் வேறு எண்ணைப் போட்டால் பி6 தானாகவே மாறிவிடும்.

ஆக, நாம் எடுத்துக்கொண்ட காரின் ஓன் டேமேஜை வைத்திருக்க இந்த ஆண்டு ஆகும் செலவு 3,540 ரூபாய். இதற்குப் பதிலாக நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

சின்ன விபத்து ஒன்று

சிக்னலில் முன்னால் நின்ற வண்டியில் உங்கள் கார் இடித்துவிட்டது. பம்பர் உடைந்தது, ஒரு ஹெட்லைட் போனது, பானெட் மடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் 26,000 ரூபாய்க்கு பில் கொடுக்கிறார்கள். கம்பெனி 26,000 ரூபாயையும் தருமா? தராது. பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிய பாகம் போடுவதால் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் தரும்.

வழக்கமான பாலிசியில் தேய்மானக் கணக்கு இப்படி இருக்கும். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. உலோகப் பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து மாறும்: ஐந்திலிருந்து பத்து வயது வரை 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50 சதவீதம். பெயின்டிங்கில் பொருளுக்கு மட்டும் 50 சதவீதம் கழிப்பார்கள். மொத்த பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே மொத்தத்தில் 12.5 சதவீதம் குறையும். லேபருக்குக் கழிவு இல்லை. இவை போக, ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயப் பிடித்தம் உண்டு. பொதுவாக 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

புதிய கார்களுக்குக் கிடைக்கும் ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ வசதி பத்து வயதைத் தாண்டிய காருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே இந்தக் கழிவிலிருந்து தப்ப முடியாது.

இதையும் ஷீட்டில் ஏற்றுவோம். பத்தாவது ரோவில் தலைப்புகள்: ஏ10-ல் பாகம், பி10-ல் பில் தொகை, சி10-ல் தேய்மானம், டி10-ல் கிடைப்பது. அதன் கீழே:

11-வது ரோ: பம்பர், 3500, 50%
12-வது ரோ: ஹெட்லைட், 4500, 50%
13-வது ரோ: பானெட், 7000, 50%
14-வது ரோ: பெயின்டிங், 8000, 12.5%
15-வது ரோ: லேபர், 3000, 0%

டி11-ல் =பி11*(1-சி11) என்று டைப் செய்து என்டர் தட்டவும். இதே பார்முலாவை மற்ற நான்கு ரோக்களிலும் டைப் செய்யத் தேவையில்லை. டி11-ஐ க்ளிக் செய்தால் கட்டத்தின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று தெரியும். அதன் மீது மவுஸை வைத்தால் பாயின்டர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்து டி15 வரை கீழே இழுத்து விடுங்கள். ஒவ்வொரு ரோவுக்கும் ஏற்றபடி எக்ஸெல்லே பார்முலாவை மாற்றிக்கொள்ளும்.

பி16-ல் =சம்(பி11:பி15), டி16-ல் =சம்(டி11:டி15). இதில் ‘சம்’ என்பதை எஸ், யு, எம் என்று மூன்று ஆங்கில எழுத்துகளாக டைப் செய்யவும். பில் மொத்தம் 26000, கிடைப்பது 17500 என்று வரும். டி17-ல் =டி16-பி7 என்று கொடுத்தால் கட்டாயப் பிடித்தம் போக 16500.

பரவாயில்லையே, 3,540 கட்டி 16,500 கிடைக்கிறதே என்று தோன்றும். இன்னும் ஒரு கழிவு பாக்கி இருக்கிறது. அது ஒர்க்‌ஷாப் பில்லில் தெரியாது.

என்சிபி போனால் எவ்வளவு போகும்?

க்ளெய்ம் செய்யாத ஒவ்வோர் ஆண்டுக்கும் என்சிபி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். 50-க்கு மேல் ஏறாது. ஒரே ஒரு க்ளெய்ம் செய்தாலும் அடுத்த ஆண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதன்பின் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டும். க்ளெய்ம் 5,000 ரூபாய்க்கா 50,000 ரூபாய்க்கா என்ற வித்தியாசமே கிடையாது.

19-வது ரோவில் தலைப்புகள் போடுங்கள்: ஆண்டு, க்ளெய்ம் இல்லாவிட்டால், க்ளெய்ம் செய்தால், இழப்பு. அதன் கீழே:

20-வது ரோ: 1, 50%, 0%
21-வது ரோ: 2, 50%, 20%
22-வது ரோ: 3, 50%, 25%
23-வது ரோ: 4, 50%, 35%
24-வது ரோ: 5, 50%, 45%

இப்போது டி20-ல் =(பி20-சி20)*பி3*(1+பி5) என்று டைப் செய்து, முன்போலவே டி24 வரை இழுத்துப் பாருங்கள். டி20-ல் 3540 என்று சரியான விடை வரும். டி21-ல் 531.15 என்று வரும். இது தவறு. பார்க்க நியாயமான எண் மாதிரி இருப்பதால் பலரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். டி21-ஐ க்ளிக் செய்து மேலே உள்ள பார்முலா பட்டையைப் பாருங்கள். பி3 என்பது பி4 ஆகவும், பி5 என்பது பி6 ஆகவும் மாறியிருக்கும். கீழே இழுத்தபோது எக்ஸெல் எல்லா செல் பெயர்களையும் ஒரு படி இறக்கிவிட்டது.

பிரீமியமும் ஜிஎஸ்டியும் நகராமல் இருக்க வேண்டும். அதற்கு டாலர் குறி உதவும். டி20-ல் =(பி20-சி20)*$பி$3*(1+$பி$5) என்று மாற்றி எழுதி மறுபடியும் இழுங்கள். இந்த முறை 3540, 2124, 1770, 1062, 354 என்று வரும். விடை சதவீதக் குறியோடு தெரிந்தால் அந்த செல்களை செலக்ட் செய்து, ரைட் க்ளிக் செய்து, ஃபார்மட் செல்ஸில் நம்பர் என்று மாற்றிக்கொள்ளவும்.

டி25-ல் =சம்(டி20:டி24). விடை 8850. பிரீமியம் ஏறக்குறைய இதே அளவில் இருக்கும் என்றும், அந்த ஐந்து ஆண்டுகளில் வேறு க்ளெய்ம் இல்லை என்றும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. 

டி27-ல் =டி17-டி25 என்று போடுங்கள். 7650 வருகிறதா? 26,000 ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் செய்ததால் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது இவ்வளவுதான். இதே பாகங்களுக்கு இதே விகிதத்தில் பில் சுமார் 14,600 ரூபாய்க்குக் கீழே இருந்தால் க்ளெய்ம் செய்வதே நஷ்டம். 50 சதவீத என்சிபி உள்ளவர்கள் ஒர்க்‌ஷாப்பில் ‘இன்ஷூரன்சில் போட்டுவிடலாமா?’ என்று கேட்கும்போது உடனே தலையாட்டாமல் இந்தக் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே கீறல், பம்பர் உடைசல் போன்றவற்றுக்காகப் பழைய காரின் ஓன் டேமேஜை வைத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. ‘பழைய வண்டிக்கு எதற்கு?’ என்று கேட்டவர் சொன்னது இந்த அளவுக்குச் சரி.

கார் முழுவதுமே போனால்?

இப்போது மறுபக்கம். கார் திருடு போகிறது. அல்லது எரிந்துவிடுகிறது. அல்லது வெள்ளத்தில் மூழ்குகிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் அந்த எல்லை 1,35,000 ரூபாய். முழு இழப்பில் பாகம் பாகமாகத் தேய்மானம் கழிக்கும் வேலை இல்லை. ஐடிவியிலிருந்து கட்டாயப் பிடித்தம் போக மீதியைத் தருவார்கள். உடைந்த காரை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைக் கழிப்பார்கள்.

பி29-ல் =(பி2-பி7)/பி6 என்று போடுங்கள். 50.56 என்று வரும். இது என்ன எண்? நீங்கள் 50 ஆண்டுகள் கட்டும் பிரீமியமும், ஒரு முறை கார் முழுவதும் போனால் கிடைக்கும் தொகையும் ஏறக்குறைய சமம். அதாவது 50 ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படி நடக்கும் என்று நீங்கள் நினைத்தால் பிரீமியம் வீண் இல்லை. நடுத்தர க்ளெய்ம்களில் கிடைப்பதைச் சேர்த்தால் இந்த எண் கொஞ்சம் கூடும். முழு இழப்புக்குப் பின் என்சிபி போவதைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். துல்லியமான விடையாக எடுத்துக்கொள்ளாமல், யோசிப்பதற்கான ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊரையும் தெருவையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரில் பெருவெள்ளம். எட்டு ஆண்டுகள் கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதிகள் இரண்டு முறையும் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு, இப்படிப் பாதிக்கப்பட்ட தங்கள் காருக்காக பாலிசியில் எதுவும் கிடைக்காது. தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் கார் நிறுத்துபவருக்கு 50 ஆண்டுக்கு ஒரு முறை என்பது மிகவும் தாராளமான கணக்கு. மேட்டுப் பகுதியில் பூட்டிய ஷெட்டுக்குள் நிறுத்துபவருக்கு அப்படி இல்லை.

வெள்ளம் பற்றி ஒரு எச்சரிக்கை. கார் தண்ணீரில் நின்றிருந்தால் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்’ என்று சாவியைத் திருகாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்து எஞ்சின் உடைந்தால், ‘இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது’ என்று க்ளெய்மை மறுக்க இடம் உண்டு. போட்டோ எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே சரி.

எண்களை மாற்றிப் பாருங்கள்

எக்ஸெல்லின் உண்மையான பலன் இங்கேதான். காருக்கு இன்னும் வயதாகி ஐடிவி 60,000 ஆகிவிட்டது, பிரீமியம் 2,100 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பி2-ல் 60000, பி3-ல் 2100 என்று மாற்றுங்கள். பி6-ல் 1239 வரும். பி29-ல் சுமார் 47.6 வரும்.

கவனித்தீர்களா? 50 ஏறக்குறைய 50-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஐடிவி குறையும்போது பிரீமியமும் கூடவே குறைவதே காரணம். ‘கார் பழசாகிவிட்டது, அதனால் பிரீமியம் வீண்’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை. கார் பழசாவதால் மாறுவது வேறொன்று. 1,80,000 ரூபாய் ஒரே நாளில் போனால் பல குடும்பங்களுக்கு அது பெரிய அடி. 60,000 ரூபாய் போனால் வருத்தம்தான், ஆனால் பலரால் சமாளித்துவிட முடியும்.

இப்போது பழைய எண்களுக்குத் திரும்பி, பி4-ஐ மட்டும் 0% என்று மாற்றுங்கள். செலவு 7080 ஆகும், பி29 சுமார் 25 ஆகும். என்சிபி இல்லாதவருக்கு அதே பாதுகாப்பு இரண்டு மடங்கு விலை. எனவே ஒரே காரை வைத்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பதில் பொருந்தாது.

ஷீட் சொல்லாத கேள்வி

இந்தக் கணக்குகளுக்குப் பிறகு நீங்களே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாளைக்குக் காலையில் இந்தக் கார் இல்லை என்றால், இதே மாதிரி இன்னொரு கார் வாங்கக் கடன் வாங்காமல் பணம் எடுக்க முடியுமா? அல்லது கார் இல்லாமலே சமாளிக்க முடியுமா?

முடியும் என்றால் ஓன் டேமேஜை விட்டுவிடலாம். அந்தப் பிரீமியத்தை மாதாமாதம் தனியாகச் சேர்த்து வைத்தால் சின்ன ரிப்பேர்களுக்கு அதுவே உதவும். வாரத்துக்கு ஒரு முறை கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போக மட்டும் கார் வைத்திருக்கும், கையில் சேமிப்புள்ள ஒருவர் இந்த வகை. முடியாது என்றால் வைத்திருங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப்போக வயதான பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள், வேலைக்கே காரில்தான் போக வேண்டும், சேமிப்பு எல்லாம் வீட்டுக் கடனில் போய்விட்டது என்பவர்களுக்கு 3,540 ரூபாய் அதிகம் இல்லை.

நிறுத்துவதற்கு முன்பு

முடிவெடுப்பதற்கு முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

1. ஓன் டேமேஜை நிறுத்திவிட்டு 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த என்சிபி முழுவதும் போய்விடும். பிறகு மனம் மாறித் திரும்பினால் காரை இன்ஸ்பெக்‌ஷன் செய்வார்கள். பிரீமியமும் பூஜ்ய என்சிபியில் தொடங்கும்.

2. என்சிபி காருக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதிய கார் வாங்கும்போது அதற்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 16,000 ரூபாய் என்று வைத்தால், 50 சதவீத என்சிபியால் முதல் ஆண்டிலேயே ஜிஎஸ்டியோடு 9,440 ரூபாய் மிச்சம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புதிய கார் வாங்கும் எண்ணம் இருந்தால், பழைய காருக்கு 3,540 கட்டி என்சிபியைக் காப்பாற்றுவதே லாபம்.

3. 2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜை மட்டும் தனியாகவும், வேறு கம்பெனியிலும் வாங்க முடியும். தேர்டு பார்ட்டி எல்லா இடத்திலும் ஒரே விலை, ஓன் டேமேஜ் அப்படி இல்லை. மூன்று நான்கு கம்பெனிகளின் இணையத் தளங்களில் விலை பார்த்து பி3-ல் போட்டுப் பாருங்கள்.

4. அப்படிப் பார்க்கும்போது ஐடிவி எவ்வளவு என்று முதலில் கவனியுங்கள். பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐடிவியைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஐடிவியை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். உங்கள் ஊரில் அந்தக் கார் என்ன விலைக்குப் போகிறதோ அதற்கு அருகில் இருக்கட்டும்.

5. தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்ந்த பாலிசி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். திருட்டு மட்டுமே உங்கள் கவலை என்றால் அது போதும். வெள்ளத்துக்கு அது உதவாது.

இந்த மாதப் பயிற்சி

ஷீட்டை ‘கார் இன்ஷூரன்ஸ்’ என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். உங்கள் பாலிசியில் உள்ள எண்களை பி2, பி3, பி4, பி7 செல்களில் போட்டு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என்சிபி 50 சதவீதம் இல்லாதவர்கள் 20 முதல் 24 வரையுள்ள ரோக்களில் பி காலத்தையும் மாற்ற வேண்டும். உதாரணமாக, இப்போது 20 சதவீதம் என்றால் க்ளெய்ம் செய்யாத பாதை 25, 35, 45, 50, 50 என்று போகும். மாற்றிப் போட்டால் டி25 எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

அடுத்த ஆண்டு நோட்டீஸ் வரும்போது இதே ஷீட்டைத் திறந்து புதிய எண்களைப் போட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே இதைச் செய்துவிடுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் தேர்டு பார்ட்டி ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.